அயனிச் சேர்மங்கள்

அயனிச் சேர்மம் என்பது நேர்மின்சுமை கொண்ட அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்து, ஒழுங்கான அடுக்காக அமைந்து உருவாகும் வேதிச் சேர்மம் ஆகும். சமையல் உப்பு (சோடியம் குளோரைடு), ஆப்பச் சோடா (சோடியம் பைகார்பனேட்டு), சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு), படிகாரம், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்டு) ஆகியவை அன்றாட வாழ்வில் காணப்படும் அயனிச் சேர்மங்கள். இவற்றுள் எளிய அமைப்பு உடையதும் மிக விரிவாக ஆராயப்பட்டதும் சமையல் உப்பே. எனவே அயனிப் பிணைப்பை விளக்க அதுவே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

சமையல் உப்பில் உள்ள தனிமங்கள் இரண்டும் தனித்தனியே ஆபத்தானவை. சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையான உலோகம். நீரில் இட்டால் கடுமையாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அந்த வாயு தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே சோடியம் மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைக்கப்படுகிறது. குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை இதனை ஆயுதமாகப் பயன்படுத்தியது. இவ்விரண்டும் சேர்ந்து உருவாகும் உப்போ உணவில் நாள்தோறும் இடம்பெறுகிறது. இந்த மாற்றத்துக்கான விடை, அணுவின் வெளிப்புறத்தில் உள்ள எலக்ட்ரான்களிலும் அயனிகள் அடுக்கப்பட்டுள்ள விதத்திலும் அடங்கியுள்ளது.

அணுவின் அமைப்பு

அணுவின் நடுவில் அணுக்கரு உள்ளது. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் அடங்கும். அணுக்கருவைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் (இலத்திரன்கள்) உள்ளன. எலக்ட்ரானை 1897-இல் ஜே. ஜே. தாம்சனும், அணுக்கருவை 1911-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும், நியூட்ரானை 1932-இல் ஜேம்ஸ் சாட்விக்கும் வெளிப்படுத்தினர்.

ஓர் எலக்ட்ரானின் நிறை, புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836-இல் ஒரு பங்கு மட்டுமே. எனவே அணுவின் நிறை முழுவதும் அணுக்கருவில் குவிந்துள்ளது எனலாம். ஆனால் அணு அடைத்துக்கொள்ளும் இடம் எலக்ட்ரான்களால் ஆனது. சோடியம் அணுக்கருவை 2 மில்லிமீட்டர் அகலமுள்ள கடுகாகப் பெருக்கிக் காட்டினால், அணுவின் அகலம் ஏறத்தாழ 100 மீட்டர் இருக்கும். இரண்டு அணுக்கள் நெருங்கும்போது முதலில் சந்திப்பவை அவற்றின் வெளிப்புற எலக்ட்ரான்களே. வேதிவினைகளில் அணுக்கரு மாறுவதில்லை.

புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண் எனப்படும். ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்பதை இதுவே முடிவு செய்கிறது. 11 புரோட்டான்கள் இருந்தால் அது சோடியம். 17 இருந்தால் அது குளோரின். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டினால் வருவது நிறை எண். இயற்கையில் கிடைக்கும் சோடியத்தின் நிறை எண் 23. அதாவது 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் உள்ளன. குளோரினில் நிறை எண் 35 கொண்ட அணுக்கள் ஏறத்தாழ 76 விழுக்காடும், 37 கொண்ட அணுக்கள் ஏறத்தாழ 24 விழுக்காடும் கலந்துள்ளன. ஒரே தனிமத்தின் இத்தகைய வேறுபட்ட அணுக்கள் ஐசோடோப்புகள் அல்லது ஓரிடத்தான்கள் எனப்படும். குளோரினின் அணு நிறை முழு எண்ணாக இல்லாமல் 35.45 என அமைவதற்கு இந்தக் கலப்பே காரணம்.

எலக்ட்ரான் கூடுகள்

மின்நடுநிலையில் உள்ள அணுவில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை புரோட்டான்களின் எண்ணிக்கைக்குச் சமம். இந்த எலக்ட்ரான்கள் வெவ்வேறு ஆற்றல் மட்டங்களில் பரவியுள்ளன. இம்மட்டங்கள் கூடுகள் என அழைக்கப்படுகின்றன. ஹைட்ரஜன் அணுவுக்கு இத்தகைய மட்டங்களை நீல்ஸ் போர் 1913-இல் முன்மொழிந்தார். எலக்ட்ரான்கள் கோள்களைப் போல் குறிப்பிட்ட பாதையில் சுற்றுகின்றன என்னும் அவரது படம் பின்னர் கைவிடப்பட்டது. எலக்ட்ரான் எங்கே காணப்பட வாய்ப்பு மிகுதி என்று மட்டுமே கூற இயலும் என்பதே இன்றைய குவாண்டம் இயக்கவியலின் நிலை. எனினும் ஆற்றல் மட்டங்கள் என்னும் கருத்து நிலைத்துள்ளது.

முதல் கூட்டில் 2 எலக்ட்ரான்களும், இரண்டாவது கூட்டில் 8 எலக்ட்ரான்களும் இடம்பெறலாம். சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்றும், குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்றும் அமைகின்றன. இவற்றை ஒட்டி இரு மந்த வாயுக்கள் உள்ளன. நியான் 2, 8 என்றும், ஆர்கான் 2, 8, 8 என்றும் அமைந்தவை. சோடியம் நியானைவிட ஓர் எலக்ட்ரான் கூடுதலாகவும், குளோரின் ஆர்கானைவிட ஓர் எலக்ட்ரான் குறைவாகவும் பெற்றுள்ளன.

சோடியத்தின் கடைசி எலக்ட்ரானுக்கும் அணுக்கருவுக்கும் இடையே உள் கூடுகளின் 10 எலக்ட்ரான்கள் திரைபோல் நிற்கின்றன. அதனால் 11 புரோட்டான்களின் ஈர்ப்பில் சிறு பங்கே அதனை எட்டுகிறது. குளோரினிலும் உள் கூடுகளில் இருப்பவை அதே 10 எலக்ட்ரான்கள்தாம். ஆனால் அணுக்கருவில் 17 புரோட்டான்கள் இருப்பதால் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் வலுவாக இழுத்துப் பிடிக்கப்படுகின்றன. மேலும் ஓர் எலக்ட்ரானையும் அது ஏற்றுக்கொள்கிறது.

தனிம வரிசை அட்டவணை

தனிமங்களை அவற்றின் பண்புகள் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கில் அடுக்கிய பட்டியலை ரஷ்ய வேதியியலாளர் திமீத்ரி மெண்டலீவ் 1869-இல் வெளியிட்டார். அப்போது அறியப்பட்டிருந்தவை 63 தனிமங்களே. அவர் அணு நிறையை அடிப்படையாகக் கொண்டார். பண்புகள் பொருந்தாத இடங்களில் கட்டங்களை வெறுமையாக விட்டு, இனிமேல் கண்டுபிடிக்கப்படவுள்ள தனிமங்களின் பண்புகளை முன்கூட்டியே கூறினார். 1875-இல் கேலியமும் 1886-இல் ஜெர்மானியமும் கண்டுபிடிக்கப்பட்டபோது அவரது கணிப்புகள் பெரிதும் பொருந்தின. 1913-இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ்-கதிர்களைக் கொண்டு அணு எண்ணே சரியான அடிப்படை என்று காட்டினார்.

இன்றைய அட்டவணையில் 118 தனிமங்கள், 7 தொடர்களிலும் (கிடைவரிசைகள்) 18 தொகுதிகளிலும் (செங்குத்து வரிசைகள்) அமைந்துள்ளன. தொடர்களின் நீளம் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 ஆகும். எலக்ட்ரான்கள் கூடுகளை நிரப்பும் முறையே இந்த எண்களுக்குக் காரணம். ஒரே தொகுதியில் உள்ள தனிமங்கள் ஒத்த வெளிக்கூட்டு அமைப்பைக் கொண்டவை என்பதால் அவற்றின் வேதிப்பண்புகளும் ஒத்துள்ளன.

அயனிச் சேர்மங்களைப் பொறுத்தவரை பின்வரும் தொகுதிகள் முதன்மையானவை.

1-ஆம் தொகுதி (கார உலோகங்கள்): லித்தியம், சோடியம், பொட்டாசியம் முதலியன. வெளிக்கூட்டில் 1 எலக்ட்ரான். 1+ அயனிகளைத் தரும்.

2-ஆம் தொகுதி (காரமண் உலோகங்கள்): மெக்னீசியம், கால்சியம், பேரியம் முதலியன. வெளிக்கூட்டில் 2 எலக்ட்ரான்கள். 2+ அயனிகளைத் தரும்.

16-ஆம் தொகுதி: ஆக்சிஜன், சல்ஃபர் முதலியன. வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். 2− அயனிகளைத் தரும்.

17-ஆம் தொகுதி (உப்பீனிகள்): ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் முதலியன. வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள். 1− அயனிகளைத் தரும்.

18-ஆம் தொகுதி (மந்த வாயுக்கள்): நியான், ஆர்கான் முதலியன. வெளிக்கூடு நிரம்பியிருப்பதால் எளிதில் அயனியாவதில்லை.

அயனிகள் உருவாதல்

எலக்ட்ரானை இழந்த அல்லது ஏற்ற அணு அயனி எனப்படும். இச்சொல்லை மைக்கேல் ஃபாரடே 1834-இல் வேதியியலில் அறிமுகப்படுத்தினார். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கும்போது 11 புரோட்டான்களும் 10 எலக்ட்ரான்களும் எஞ்சுகின்றன. அது 1+ மின்சுமை கொண்ட சோடியம் அயனி. குளோரின் ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது 17 புரோட்டான்களும் 18 எலக்ட்ரான்களும் அமைகின்றன. அது 1− மின்சுமை கொண்ட குளோரைடு அயனி.

சோடியம் அயனியில் நியானில் உள்ளது போல 10 எலக்ட்ரான்கள் இருந்தாலும் அது நியானாகிவிடுவதில்லை. அணுக்கருவில் 11 புரோட்டான்கள் உள்ளவரை அது சோடியமே. மாறுவது வினைத்திறன். சோடியம் உலோகம் நீருடன் சீறி வினைபுரிவதற்குக் காரணமான ஒற்றை வெளி எலக்ட்ரான் அயனியில் இல்லை. குளோரின் வாயு நுரையீரல் திசுக்களைத் தாக்குவதற்குக் காரணமான வெற்றிடமும் குளோரைடு அயனியில் நிரம்பிவிட்டது. உப்பில் இருப்பவை சோடியம் அணுக்களும் குளோரின் அணுக்களும் அல்ல, அவற்றின் அயனிகள். உப்பு அந்த இரு தனிமங்களின் பண்புகளைக் காட்டாமைக்கு இதுவே காரணம்.

அளவிலும் பெரும் மாற்றம் நிகழ்கிறது. உலோகத்தில் 186 பிக்கோமீட்டர் ஆரமுள்ள சோடியம், அயனியாகும்போது 102 பிக்கோமீட்டராகச் சுருங்குகிறது. குளோரைடு அயனியின் ஆரம் 181 பிக்கோமீட்டர். எனவே உப்புப் படிகத்தின் பெரும்பகுதி இடத்தைக் குளோரைடு அயனிகளே நிரப்புகின்றன.

பிணைப்பின் ஆற்றல் கணக்கு

சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாகவே கொடுத்துவிட விரும்புகிறது என்றும், எட்டு எலக்ட்ரான்களை அடைவதே வினையின் நோக்கம் என்றும் தொடக்கநிலை நூல்களில் சுருக்கமாகக் கூறப்படுவதுண்டு. எண்ம விதி எனப்படும் இது, உருவாகக்கூடிய அயனிகளை நினைவில் கொள்ளப் பயன்படும் நல்ல வழிகாட்டி. ஆனால் பிணைப்பு ஏன் உருவாகிறது என்பதற்கு அது முழு விடை ஆகாது.

தனித்த சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க, ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும். இது அயனியாக்கும் ஆற்றல். தனித்த குளோரின் அணு அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிப்படுகிறது. இது எலக்ட்ரான் நாட்டம். வரவைவிடச் செலவு 147 கிலோஜூல் கூடுதல். ஆகவே தொலைவில் நிற்கும் ஒரு சோடியம் அணுவிலிருந்து ஒரு குளோரின் அணுவுக்கு எலக்ட்ரான் தானாகத் தாவுவதில்லை.

இது சோடியத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று. தனிமங்களுள் மிகக் குறைந்த அயனியாக்கும் ஆற்றல் கொண்டது சீசியம். அதன் மதிப்பு 376 கிலோஜூல். மிக உயர்ந்த எலக்ட்ரான் நாட்டம் கொண்டது குளோரின். அதன் மதிப்பு 349 கிலோஜூல். அதாவது, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள எந்த இரு தனிம அணுக்களுக்கு இடையிலும் எலக்ட்ரான் மாற்றம் ஆற்றல் ஆதாயம் தருவதில்லை.

பற்றாக்குறையை ஈடுசெய்வது அயனிகளுக்கு இடையிலான மின்கவர்ச்சி. எதிரெதிர் அயனிகள் நெருங்க நெருங்க ஆற்றல் வெளிப்படுகிறது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் 1 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவை அடையும்போதே 147 கிலோஜூல் பற்றாக்குறை நேராகிவிடுகிறது. அவை மேலும் நெருங்கி, கோடிக்கணக்கான அயனிகளுடன் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஆற்றல் படிகக்கூடு ஆற்றல் எனப்படும். உப்புக்கு இது 787 கிலோஜூல்.

திண்ம சோடியமும் குளோரின் வாயுவும் சேர்ந்து ஒரு மோல் உப்பு உருவாவதன் முழுக் கணக்கு வருமாறு:

சோடியம் உலோகத்தைத் தனித்த அணுக்களாக்கல்: 107 கிலோஜூல் செலவு

குளோரின் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரித்தல்: 122 கிலோஜூல் செலவு

சோடியம் அணுவிலிருந்து எலக்ட்ரானை நீக்கல்: 496 கிலோஜூல் செலவு

குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்றல்: 349 கிலோஜூல் வரவு

அயனிகள் படிகமாக அடுங்கல்: 787 கிலோஜூல் வரவு

மொத்தச் செலவு 725, மொத்த வரவு 1136. எஞ்சும் 411 கிலோஜூல் வெப்பமாக வெளிப்படுகிறது. சோடியம் குளோரின் வாயுவில் ஒளிர்ந்து எரிவது இதனால்தான். இக்கணக்கு முறை 1919-இல் மாக்ஸ் பார்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. பார்ன்–ஹேபர் சுற்று என வழங்கப்படுகிறது.

அயனிகள் ஏன் குறிப்பிட்ட மின்சுமையோடு நின்றுவிடுகின்றன என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. மெக்னீசியத்தின் முதல் எலக்ட்ரானை நீக்க 738 கிலோஜூலும், இரண்டாவதை நீக்க 1451 கிலோஜூலும் தேவை. ஆனால் 2+ அயனி கொண்ட மெக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் ஏறத்தாழ 2500 கிலோஜூல் என்பதால் அச்செலவு ஈடாகிறது. மூன்றாவது எலக்ட்ரான் நிரம்பிய உள் கூட்டைச் சேர்ந்தது. அதற்கு 7733 கிலோஜூல் தேவை. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானுக்கும் 4562 கிலோஜூல் தேவை. இவ்வளவு பெரிய செலவை எந்தப் படிகமும் ஈடுசெய்வதில்லை. எண்ம விதி பொருந்துவதற்கு உண்மையான காரணம் இதுவே: நிரம்பிய கூட்டை உடைப்பதன் விலை, படிகம் தரும் வரவைத் தாண்டிவிடுகிறது.

ஆக்சைடு அயனி மற்றொரு சான்று. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஆனால் ஏற்கெனவே எதிர்மின்சுமை பெற்ற அயனிக்குள் இரண்டாவது எலக்ட்ரானைச் செலுத்த 700 கிலோஜூலுக்கும் மேல் செலவாகும். எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்தும் தனித்த நிலையில் ஆக்சைடு அயனி நிலைப்பதில்லை. படிகத்தில் சூழ்ந்துள்ள நேர்மின் அயனிகளே அதனை நிலைக்கச் செய்கின்றன.

படிக அமைப்பு

உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு குளோரைடு அயனியையும் அவ்வாறே 6 சோடியம் அயனிகள் சூழ்ந்துள்ளன. அடுத்தடுத்த இரு எதிர் அயனிகளுக்கு இடைப்பட்ட தொலைவு 0.282 நானோமீட்டர். அதற்கு அப்பால் 1.41 மடங்கு தொலைவில் ஒத்த மின்சுமை கொண்ட 12 அயனிகளும், 1.73 மடங்கு தொலைவில் எதிர்மின்சுமை கொண்ட 8 அயனிகளும் உள்ளன. ஈர்ப்பும் விலக்கும் இவ்வாறு மாறி மாறி வந்தாலும், அனைத்தையும் கூட்டினால் ஈர்ப்பே மிஞ்சுகிறது. அதே தொலைவில் நிற்கும் ஒற்றை இணை அயனிகளுக்குக் கிடைக்கும் மின்கவர்ச்சி ஆற்றலைப் போல் ஏறத்தாழ 1.75 மடங்கு படிகத்தில் கிடைக்கிறது. இந்த எண் மாடலங் மாறிலி எனப்படும்.

இந்த அமைப்பை 1913-இல் வில்லியம் லாரன்ஸ் பிராக் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு கண்டறிந்தார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவரும் அவருடைய தந்தை வில்லியம் ஹென்றி பிராக்கும் 1915-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். படிகத்தில் எந்தச் சோடியமும் எந்தக் குளோரினுக்கும் தனியே உரியதாக இல்லை. ஆகவே உப்புப் படிகத்தில் மூலக்கூறு என ஒன்றைப் பிரித்துக் காட்ட இயலாது. இது அக்கால வேதியியலாளர் பலருக்கு ஏற்கக் கடினமாக இருந்தது. பிரிட்டிஷ் வேதியியலாளர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 1927-ஆம் ஆண்டிலும்கூட, சதுரங்கப் பலகை போன்ற இந்த அமைப்பை மறுத்து நேச்சர் இதழில் எழுதினார்.

0.3 மில்லிமீட்டர் பக்கம் கொண்ட ஓர் உப்புப் பரலின் ஒரு விளிம்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அயனிகள் வரிசையாக நிற்கின்றன. உப்புப் பரல் கனசதுர வடிவில் அமைவது, உள்ளே அயனிகள் கனசதுரமாக அடுக்கப்பட்டிருப்பதன் வெளித்தோற்றமே.

வாய்ப்பாடும் பெயரும்

மூலக்கூறு இல்லாததால், அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு அயனிகளின் மிக எளிய விகிதத்தையே குறிக்கிறது. நேர், எதிர் மின்சுமைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருக்க வேண்டும் என்பது ஒரே விதி.

சோடியம் (1+), குளோரைடு (1−): 1 : 1

கால்சியம் (2+), குளோரைடு (1−): 1 : 2

மெக்னீசியம் (2+), ஆக்சைடு (2−): 1 : 1

அலுமினியம் (3+), ஆக்சைடு (2−): 2 : 3

பல அணுக்கள் சேர்ந்த தொகுப்பும் அயனியாகச் செயல்படலாம். அம்மோனியம் (1+), ஹைட்ராக்சைடு (1−), நைட்ரேட்டு (1−), கார்பனேட்டு (2−), சல்பேட்டு (2−) ஆகியவை இத்தகையவை. இவற்றின் உள்ளே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சகப்பிணைப்பால் இணைந்துள்ளன. இந்தியாவில் உப்புக்கு அயோடின் சேர்க்கப் பயன்படும் பொட்டாசியம் அயோடேட்டும் இவ்வகையைச் சேர்ந்தது. இரும்பு, செம்பு போன்ற இடைநிலை உலோகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமைகளில் அயனியாகும். ஆகவே அவற்றின் பெயரில் மின்சுமையும் குறிக்கப்படுகிறது. இரும்பு(2) குளோரைடும் இரும்பு(3) குளோரைடும் வெவ்வேறு பொருள்கள்.

மூலக்கூறு நிறைக்குப் பதிலாக இங்கு வாய்ப்பாட்டு நிறை பயன்படுகிறது. உப்பின் வாய்ப்பாட்டு நிறை 22.99 + 35.45 = 58.44. மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றப்படும் 0.9 விழுக்காட்டு உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ளது. 9-ஐ 58.44-ஆல் வகுத்தால், லிட்டருக்கு 0.154 மோல் சோடியம் அயனியும் அதே அளவு குளோரைடு அயனியும் உள்ளன எனத் தெரியும். இரத்தத்தில் சோடியம் அயனியின் இயல்பான அளவு லிட்டருக்கு 0.135 முதல் 0.145 மோல் வரை.

பண்புகள்

உயர் உருகுநிலை: அடுக்கு முழுவதும் பரவிய ஈர்ப்பைத் தளர்த்த வேண்டியிருப்பதால் அயனிச் சேர்மங்கள் பொதுவாக உயர் வெப்பநிலையில் உருகுகின்றன. உப்பின் உருகுநிலை 801° செல்சியஸ். 2+, 2− அயனிகளால் ஆன மெக்னீசியம் ஆக்சைடில் ஈர்ப்பு மேலும் வலுவானது. ஏறத்தாழ 2850° செல்சியஸில்தான் அது உருகுகிறது. அதனால் உலைகளின் உட்புறச் செங்கற்களில் பயன்படுகிறது.

நொறுங்கும் தன்மை: உலோகத்தைத் தட்டித் தகடாக்கலாம், உப்புக்கல்லைத் தட்டினால் உடையும். அடி விழும்போது ஓர் அடுக்கு சற்று நகர்ந்தாலும், ஒத்த மின்சுமை கொண்ட அயனிகள் எதிரெதிரே வந்துவிடுகின்றன. அவற்றின் விலக்கு விசையால் படிகம் பிளவுபடுகிறது.

மின்கடத்தல்: திண்ம நிலையில் அயனிகள் இடம்பெயர இயலாது, ஆகவே மின்சாரம் பாய்வதில்லை. உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அயனிகள் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. 1807-இல் ஹம்ப்ரி டேவி, உருக்கிய எரிசோடாவில் மின்சாரத்தைச் செலுத்தி முதன்முதலாகச் சோடியத்தைப் பிரித்தெடுத்தார்.

கரைதிறன்: எதிர் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பை நீர் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. மேலும், நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன் முனை சோடியம் அயனியையும், ஹைட்ரஜன் முனை குளோரைடு அயனியையும் சூழ்ந்துகொள்கின்றன. இதனால் வெளிப்படும் ஆற்றல், படிகத்தைப் பிரிக்கத் தேவையான ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். உப்பு கரையும்போது நீர் உணரத்தக்க அளவில் சூடாவதும் இல்லை, குளிர்வதும் இல்லை என்பதற்கு இதுவே காரணம். 25° செல்சியஸில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். ஆனால் அயனிச் சேர்மங்கள் அனைத்தும் நீரில் கரைவதில்லை. பேரியம் அயனி நச்சுத்தன்மை உடையது. எனினும் பேரியம் சல்பேட்டு ஏறக்குறைய கரையாதது என்பதால், உணவுப்பாதையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்போது நோயாளிகளுக்கு அருந்தக் கொடுக்கப்படுகிறது.

கடல்நீரும் உப்பளமும்

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் குளோரைடு ஏறத்தாழ 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். கடல்நீரில் இவை தனித்தனி அயனிகளாகவே இருக்கின்றன. எந்த அயனி எதனுடன் சேர்ந்து படிகமாகும் என்பது நீர் ஆவியாகும்போதே முடிவாகிறது.

தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களின் உப்பளங்களில் இந்த வரிசையே பயன்படுத்தப்படுகிறது. வெயிலில் நீர் வற்ற வற்ற, முதலில் கால்சியம் கார்பனேட்டும் பின்னர் கால்சியம் சல்பேட்டும் (ஜிப்சம்) படிகின்றன. நீரின் அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது, போமே மானியில் 25 பாகை அளவில், சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. எளிதில் கரையும் மெக்னீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்கிவிடும். கசப்பான அந்த எஞ்சிய நீரை உரிய நேரத்தில் வடித்துவிட்டால் உப்பு தூய்மையாகக் கிடைக்கும்.

வடிப்பதில் தாமதம் ஏற்பட்டால் மெக்னீசியம் குளோரைடும் உப்புடன் கலக்கிறது. சிறிய அளவும் 2+ மின்சுமையும் கொண்ட மெக்னீசியம் அயனி நீர் மூலக்கூறுகளை வலுவாக ஈர்க்கும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டிய பிறகே நீர்த்துப்போகும். மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் விடுவதற்கு இந்தக் கலப்பு ஒரு முக்கியக் காரணம்.

அயனிப் பிணைப்பின் எல்லைகள்

முழுமையான அயனிப் பிணைப்பு என்பது ஒரு கருத்தியல் எல்லை. எலக்ட்ரான் ஓரளவேனும் இரு அணுக்களுக்கும் பொதுவாக இருக்கும். சிறியதும் மின்சுமை மிகுந்ததுமான நேர்மின் அயனி, அருகிலுள்ள பெரிய எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுக்கிறது. அப்போது பிணைப்பு சகப்பிணைப்பை நோக்கி நகர்கிறது. 3+ மின்சுமை கொண்ட அலுமினியம் இதற்கு எடுத்துக்காட்டு. உலோகமும் உப்பீனியும் சேர்ந்த சேர்மமாக இருந்தும், அலுமினியம் குளோரைடு 180° செல்சியஸ் அளவிலேயே உருகாமல் ஆவியாகிறது. ஃபுளோரைடு அயனி சிறியது, எளிதில் உருக்குலையாதது என்பதால் அலுமினியம் ஃபுளோரைடு 1000° செல்சியஸுக்கும் மேல் திண்மமாகவே நிற்கிறது.

ஆகவே ஒரு சேர்மத்தில் உலோகமும் அலோகமும் இருப்பதை மட்டும் கொண்டு அதனை அயனிச் சேர்மம் என முடிவு செய்ய இயலாது. தனிம வரிசை அட்டவணையில் இரு தனிமங்களும் உள்ள இடம், அவற்றின் அயனிகளின் அளவு, மின்சுமை, படிக அடுக்கு ஆகியவற்றைச் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அட்டவணையின் இடப்பக்கத்துச் சோடியமும் வலப்பக்கத்துக் குளோரினும் சேர்ந்த சமையல் உப்பு, அந்த எல்லைக்கு மிக அருகில் உள்ள சேர்மங்களுள் ஒன்று.